ரெஃபரன்ஸ் பட்டியல்: வடிவம் யார் வேலை, பொறுப்பு யாருடையது?

ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று 1963-இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி’ இதழின் 7-ஆம் தொகுதியில், 95 முதல் 99 வரையிலான பக்கங்களில் வெளிவந்தது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப இடமில்லை என்று காட்டும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ அந்த ஆய்விலிருந்து பிறந்தது. புரதங்களின் அமைப்பைக் கண்டறிகிறவர்கள் இன்றும் தங்கள் முடிவை அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். அறுபது ஆண்டுகளாக உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் அந்தக் கட்டுரை, ரெஃபரன்ஸ் பட்டியல்களில் மட்டும் இதழுக்கு இதழ் வேறு உருவத்தில் நிற்கிறது.

மருத்துவ இதழ்கள் பின்பற்றும் வான்கூவர் முறையில் பெயருக்குப் பின் முதலெழுத்துகள் புள்ளியில்லாமல் வரும்: ராமச்சந்திரன் ஜிஎன், ராமகிருஷ்ணன் சி, சசிசேகரன் வி. அடுத்து தலைப்பு, சுருக்கிய இதழ்ப்பெயர், கடைசியில் 1963;7:95-9. முடிவுப் பக்கம் 99 என்பது 9 ஆகச் சுருங்கியிருக்கிறது. உளவியல் துறையின் ஏபிஏ முறையில் முதலெழுத்துகளுக்குப் புள்ளி உண்டு, ஆண்டு பெயர்களை அடுத்து அடைப்புக்குறிக்குள் வரும், இதழின் பெயரைச் சுருக்கக் கூடாது. ‘நேச்சர்’ இதழில் ஆண்டு வரியின் கடைசிக்குப் போய்விடும், தொகுதி எண் தடித்த எழுத்தில் இருக்கும். பொறியாளர்களின் ஐஇஇஇ முறையில் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும், தலைப்பு மேற்கோள் குறிகளுக்குள் அடங்கும். இயற்பியல் இதழ்கள் சிலவற்றின் பழைய வழக்கப்படி தலைப்பே தேவையில்லை. ஆசிரியர் பெயர்களோடு இதழ், தொகுதி, தொடக்கப் பக்கம், ஆண்டு ஆகிய நான்கும் போதும்.

இத்தனை உருவங்களிலும் உள்ளே இருக்கும் செய்தி ஒன்றுதான்: யார், எப்போது, எதை, எங்கே. முனைவர் பட்ட மாணவர்கள் புள்ளியையும் காற்புள்ளியையும் நினைத்துப் படும் கவலையில் பாதியையாவது இந்த நான்கின் மேல் வைத்தால் நம் பட்டியல்களின் தரம் வேறாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

முறைகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் அவற்றின் மேலுள்ள பயம் குறையும். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்திலேயே அடைப்புக்குறிக்குள் தரும் வழக்கத்தை ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். அது ஓடில்லா நத்தை இனம் ஒன்றின் கருமுட்டை வளர்ச்சி பற்றிய ஆய்வு. ‘ஹார்வர்டு முறை’ என்ற பெயருக்கு அதுவே காரணம். ஏபிஏ முறை 1929-இல் ‘சைக்கலாஜிகல் புல்லட்டின்’ இதழில் வந்த ஏழு பக்கக் குறிப்பாகப் பிறந்து, 2019-இல் ஏழாம் பதிப்பைக் கண்ட தடித்த புத்தகமாக வளர்ந்திருக்கிறது. எண் முறையின் கதை இன்னும் எளிது. 1978-இல் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். ஒரே கட்டுரையை ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வொரு மாதிரி தட்டச்சு செய்து ஆய்வாளர்கள் அல்லல்படுவதைத் தவிர்ப்பதே அவர்கள் நோக்கம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வகுத்த வடிவங்களோடு அந்த விதிகள் 1979-இல் வெளிவந்தன. அந்தக் குழுதான் பின்னாளில் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆனது. ஆய்வாளரின் சுமையைக் குறைக்கப் பிறந்தது வான்கூவர் முறை என்பதை எந்த மாணவரும் நினைவில் வைத்திருக்கலாம்.

பெயர்-ஆண்டு முறையா, எண் முறையா? முடிவு இதழின் கையில் இருக்கிறது. ஆனாலும் இரண்டின் குணமும் வேறு. பெயரும் ஆண்டும் கண்ணெதிரே இருந்தால், வாதம் யாருடையது, எவ்வளவு பழையது என்று பக்கத்தைப் புரட்டாமலே தெரிந்துவிடும். எண் முறையில் வாக்கியம் தடையில்லாமல் ஓடும், இடமும் மிச்சமாகும்; நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் மாறிவிடும். எண்களைக் கையால் போட்டவர் மூன்றாவது திருத்தத்தில் நிச்சயம் எங்காவது வழுக்குவார். 23-ஆம் எண்ணைத் தேடிப் போனால் தொடர்பே இல்லாத கட்டுரை வந்து நிற்கும்.

எண்ணோ பெயரோ, அதை வாக்கியத்தில் எங்கே வைக்கிறோம் என்பது வடிவத்தை விடப் பெரிய விஷயம். ‘இந்த மூலிகைச் சாறு வீக்கத்தைக் குறைக்கிறது, பக்கவிளைவும் இல்லை’ என்று எழுதி முடிவில் ஓர் எண்ணைப் போட்டால், அந்த ஆய்வு வீக்கத்துக்குச் சான்றா, பக்கவிளைவு இல்லாததற்குச் சான்றா? படிப்பவர் இரண்டுக்கும் என்றே எடுத்துக்கொள்வார். பல இடங்களில் அது முதல் கூற்றுக்கு மட்டுமே சான்றாக இருக்கும். கூற்று எங்கே முடிகிறதோ அங்கேயே எண்ணை வைப்பதுதான் நேர்மை. அறிமுகப் பகுதியில் ஒரு பொதுவான வரிக்குப் பின்னால் 3 முதல் 11 வரை எண்களை மூட்டையாகக் கட்டி வைக்கும் பழக்கமும் அப்படித்தான். அந்த ஒன்பதில் எது எதைச் சொல்கிறது என்று எழுதியவருக்கே பல நேரம் தெரியாது.

இனி, வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள். இதழ்ப்பெயரை மனம்போல் சுருக்கக் கூடாது. சொற்களைச் சுருக்குவதற்கு ஐஎஸ்ஓ 4 என்ற சர்வதேசத் தரவிதி இருக்கிறது, மருத்துவ நூலகத்தின் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் பலராக இருந்தால் எத்தனை பேருக்குப் பின் ‘எட் ஆல்’ போடுவது என்பதும் முறைக்கு முறை மாறும். வான்கூவர் முறையில் பொதுவாக ஆறு பேர். ஏபிஏ ஏழாம் பதிப்பில் பட்டியலில் இருபது பேர் வரை எழுத வேண்டும், ஆனால் வாக்கியத்துக்குள் மூன்று பேர் இருந்தாலே முதல் பெயரோடு சுருக்கிவிட வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் பல இதழ்களில் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான் உண்டு. அதைப் பக்கமாக நினைத்து முடிவுப் பக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. முன்பதிப்பாகப் படித்த கட்டுரை பின்னர் இதழில் வந்திருந்தால், நீங்கள் உண்மையில் எந்த வடிவத்தைப் பயன்படுத்தினீர்களோ அதைக் குறிப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையில் முடிவுகளே மாறியிருக்கலாம்.

டிஓஐ எண்ணைத் தனியே சொல்ல வேண்டும். 10-இல் தொடங்கும் இந்த நிரந்தர அடையாள எண்ணைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2000-இல் உருவானது. இணையதளம் மாறினாலும் பதிப்பாளர் கைமாறினாலும் இந்த எண் கட்டுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரெஃபரன்ஸில் மற்ற எல்லாம் பிழையாக இருந்து டிஓஐ மட்டும் சரியாக இருந்தாலும் படிப்பவர் வீடு தேடி வந்துவிடுவார். அதனால் இதழ் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உங்கள் சொந்தக் கோப்பில் ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ இருக்கட்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். ஆய்விதழ்களின் கணினி முறை ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு பெட்டிகளைக் கட்டாயமாக்குகிறது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். ராமச்சந்திரனின் ஜி கோபாலசமுத்திரம், என் நாராயண. அவர் காலத்தில் ஜி.என். ராமச்சந்திரன் என்றே எழுதியதால் பட்டியலில் ராமச்சந்திரன் என்ற பெயர் தப்பித்தது. இன்று மாணவி ஒருவர் இரண்டாம் பெட்டியில் தந்தை பெயரை எழுதிவிட்டால், உலகத்தின் மேற்கோள்களில் தந்தையின் பெயரே நிற்கும். அவருடைய பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். முன்னெழுத்தை மட்டும் அந்தப் பெட்டியில் போட்டால் இன்னும் மோசம். கவிதா எஸ். என்பவர் ‘எஸ் கே’ என்று பதிவாவார், கவிதா என்ற பெயரே மறைந்துவிடும். ஒரு கட்டுரையில் ஒருவிதம், அடுத்ததில் இன்னொருவிதம் என்று மாற்றினால் தரவுத்தளங்கள் அவரை இரண்டு ஆளாக்கிவிடும். முதல் கட்டுரைக்கு முன்பே பெயரின் வடிவத்தை முடிவு செய்து, அதையே கடைசிவரை காப்பாற்றுவதுதான் வழி. 2012-இல் தொடங்கிய ஆர்கிட் பதினாறு இலக்க எண் ஒரே ஆளின் படைப்புகளைச் சேர்த்துக் காட்ட உதவுகிறது. ஆனால் அச்சான ரெஃபரன்ஸில் பெயர் எப்படி நிற்கும் என்பதை அது மாற்றாது. மேற்கோள் காட்டுபவருக்கும் இதில் கடமை உண்டு. ஆசிரியர் தம் கட்டுரையின் முதல் பக்கத்தில் பெயரை எப்படி அச்சிட்டிருக்கிறார் என்று பார்த்து எழுதுவது சின்ன மரியாதை.

வடிவமைக்கும் வேலையைப் பொறுத்தவரை, அதைக் கையால் செய்யும் காலம் போய்விட்டது. லெஸ்லி லாம்போர்ட்டும் ஓரன் பட்டாஷ்னிக்கும் 1985-இல் தந்த பிப்டெக், லேடெக்கில் எழுதுகிறவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் உருவான ஜொடேரோ இலவசம், வேர்டோடும் இணையும். மெண்டலே, எண்ட்நோட் முதலியவையும் இருக்கின்றன. ஒவ்வோர் இதழின் விதியையும் தனிக் கோப்பாக எழுதிவைக்கும் சிஎஸ்எல் என்ற பொது மொழியில் இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறைகள் கிடைக்கின்றன. ஓர் இதழ் நிராகரித்து அடுத்த இதழுக்கு அனுப்பும்போது முறையின் பெயரை மாற்றினால் போதும், பட்டியல் முழுவதும் உருமாறிவிடும்.

மென்பொருளுக்கு வடிவம் தெரியும், உண்மை தெரியாது. பிப்டெக்கில் ஆசிரியர் பெயர்களுக்கு இடையே ‘அண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வர வேண்டும். காற்புள்ளி போட்டுப் பெயர்களை அடுக்கினால் அது மூன்று பேரை ஒரே ஆளாகப் படிக்க முயலும். பல பாணிகளில் தலைப்பின் முதல் எழுத்தைத் தவிர மற்றதைச் சிறிய எழுத்தாக்கிவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. ராமன் விளைவு பற்றிய ஆங்கிலத் தலைப்பில் ராமன் என்ற சொல்லைச் சுருள் அடைப்புக்குள் இடாவிட்டால், நோபல் பரிசு பெற்றவரின் பெயர் சின்ன எழுத்தில் தொடங்கும். கூகுள் ஸ்காலரில் எடுத்த பதிவில் டிஓஐ இருக்காது, மாநாட்டுக் கட்டுரை இதழ்க் கட்டுரையாக வரவும் கூடும். டிஓஐ எண்ணைக் கொடுத்து விவரங்களை இறக்கி, அப்போதே கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்து ஒருமுறை ஒப்பிட்டால், கடைசி நாள் நள்ளிரவில் இருநூறு ரெஃபரன்ஸைத் திருத்தும் பாடு வராது.

இதழுக்கு இதழ் வடிவத்தை மாற்றுவதில் போகும் நேரத்தை 2019-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 41 நாடுகளைச் சேர்ந்த 372 பேர் அதில் பதில் சொன்னார்கள். பட்டியல், படங்கள், தலைப்புகள் எல்லாம் சேர்த்து, இடைநிலை மதிப்பாகக் கட்டுரைக்கு 14 மணி நேரம், ஒருவருக்கு ஆண்டுக்கு 52 மணி நேரம். ஒரு வாரத்து உழைப்புக்கும் மேல். கட்டுரை ஏற்கப்படுமா என்று தெரியும் முன்பே இந்த வேலையைக் கேட்பது நியாயமில்லை. எல்செவியர் பதிப்பகம் 2011-இல் ‘ஃப்ரீ ராடிகல் பயாலஜி அண்ட் மெடிசின்’ இதழில் தொடங்கி, முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவமும் போதும், பட்டியல் முழுவதும் ஒரே சீராக இருந்தால் சரி என்று அறிவித்தது. வேறு பல இதழ்களும் இன்று அதையே சொல்கின்றன. இதழின் ஆசிரியர் வழிகாட்டியில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஏற்கப்பட்ட பின் பட்டியலைச் சீர்செய்பவர்கள் பெரும்பாலும் நமக்கு அக்கம்பக்கத்தவர்கள். உலகின் பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் ஆய்விதழ் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள நிறுவனங்களில் நடக்கிறது. அங்கே ரெஃபரன்ஸ் ஒவ்வொன்றும் துண்டு துண்டாகப் பிரிக்கப்படும்: பெயர் தனி, ஆண்டு தனி, தொகுதி தனி, பக்கம் தனி. பிறகு கிராஸ்ரெஃப், பப்மெட் தரவுகளோடு பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தினால் டிஓஐ இணைப்பு தானே ஒட்டிக்கொள்ளும், புள்ளியும் காற்புள்ளியும் இதழின் பாணிக்குத் தானே மாறும். பொருந்தாவிட்டால் ப்ரூஃபின் ஓரத்தில் ஆசிரியருக்குக் கேள்வி வரும்: ஆண்டு சரியா, தொகுதி எண் எங்கே, பட்டியலில் உள்ள 31-ஆம் ரெஃபரன்ஸ் கட்டுரையில் எங்குமே வரவில்லையே. வடிவத்தைப் பற்றி மாணவர் பட்ட கவலை முழுவதும் இந்த மேசையில் சில நிமிடங்களில் தீர்ந்துபோகிறது. அந்தக் கட்டுரை உண்மையில் அப்படிச் சொல்கிறதா என்ற கேள்வியை மட்டும் இந்த மேசை கேட்க முடியாது.

அந்தக் கேள்வியை யாருமே கேட்காதபோது என்ன ஆகும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1887-இல் யாரோஸ்லாவ் ஹ்லாவா என்ற மருத்துவர் அமீபா வயிற்றுக்கடுப்பைப் பற்றிச் செக் மொழியில் எழுதினார். தலைப்பு ‘ஓ உப்லாவிட்ஸி’, அதாவது வயிற்றுக்கடுப்பைப் பற்றி. ஜெர்மன் இதழ் ஒன்றில் அதன் சுருக்கத்தைத் தந்தவர் தலைப்பை ஆசிரியர் பெயராக எடுத்துக்கொண்டார். ‘உப்லாவிட்ஸி, ஓ.’ என்ற இல்லாத ஒரு மருத்துவர் ஐம்பது ஆண்டுகள் நூல்களிலும் கட்டுரைகளிலும் மேற்கோள் காட்டப்பட்டார். 1938-இல் கிளிஃபோர்டு டோபெல் உண்மையைக் கண்டுபிடித்து எழுதியபோது, அந்த மருத்துவரின் ஆயுட்காலமாக 1887–1938 என்பதைத் தலைப்பிலேயே போட்டார். இடையில் அவரை மேற்கோள் காட்டியவர்களில் மூலக் கட்டுரையை எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் இதற்கு ஓர் அளவுகோல் கண்டார்கள். ஒரு புகழ்பெற்ற கட்டுரையைக் குறிப்பிட்ட சுமார் 4,300 மேற்கோள்களில் 196-இல் அச்சுப்பிழை இருந்தது. ஆனால் வெவ்வேறு வகைப் பிழைகள் 45 மட்டுமே. ஒரே பிழையான பக்க எண் 78 இடங்களில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒருவர் செய்த பிழையை மற்றவர்கள் பட்டியலிலிருந்து பட்டியலுக்கு நகலெடுத்திருக்கிறார்கள். மூலத்தைப் படித்து மேற்கோள் காட்டுவோர் ஐந்தில் ஒருவர்தான் என்பது அவர்களின் மதிப்பீடு. இதை அப்படியே ஏற்க நான் தயங்குவேன், கட்டுரையைப் படித்துவிட்டு விவரத்தை மட்டும் வேறு பட்டியலிலிருந்து எடுப்பவரும் உண்டு. நகலெடுக்கும் பழக்கத்தின் பரப்பை மட்டும் அந்த 78 ஐயமின்றிக் காட்டுகிறது.

இதைவிட விசித்திரமானது 2017-இல் வெளிச்சத்துக்கு வந்தது. எல்செவியரின் ஆசிரியர் வழிகாட்டியில், ரெஃபரன்ஸ் எப்படி எழுத வேண்டும் என்று காட்ட வான் டெர் கியர் முதலியோரின் பெயரில் ஒரு மாதிரி இருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றிய கட்டுரை என்று தலைப்பு. அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, அப்படி ஓர் இதழும் இல்லை. ஆனால் வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் அது ஏறக்குறைய 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. பேராசிரியர்கள் பீட்டர் க்ரோனன்பெர்க்கும் ஆன்-வில் ஹார்சிங்கும் இதைத் துருவியபோது, பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள் என்று தெரிந்தது. வார்ப்புருவில் இருந்த மாதிரி வரியை நீக்க மறந்தவர்களே பலர். வடிவம் குறையில்லாமல் இருந்ததால் யார் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

உயிரோடு விளையாடிய மேற்கோளும் உண்டு. 1980-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் போர்ட்டர், ஜிக் இருவரும் ஐந்து வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் அபின் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில் நால்வருக்கே அடிமைத்தனம் பதிவானது என்பது செய்தி. 2017-இல் கனடா ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் 72 விழுக்காடு, இந்த மருந்துகளால் அடிமையாவது அரிது என்பதற்கு அதைச் சான்றாக்கின. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 80 விழுக்காட்டுக்கு மேல் சொல்லவே இல்லை. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவருக்கும் அந்தக் கடிதத்துக்கும் தொடர்பில்லை என்பது அந்த ஐந்து வாக்கியங்களைப் படித்திருந்தாலே புரிந்திருக்கும். வட அமெரிக்காவின் அபின் மருந்துப் பேரழிவில் இந்த மேற்கோள்களுக்கும் பங்குண்டு என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இப்போது இந்த ஆபத்து செயற்கை நுண்ணறிவால் பெருகியிருக்கிறது. 2023-இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, சாட்ஜிபிடி தந்த 636 மேற்கோள்களைச் சோதித்தது. ஜிபிடி-3.5 தந்தவற்றில் 55 விழுக்காடும் ஜிபிடி-4 தந்தவற்றில் 18 விழுக்காடும் இல்லாத கட்டுரைகள். பார்வைக்கு மட்டும் அவை உண்மையான ரெஃபரன்ஸ் போலவே இருக்கும்: பெயர், ஆண்டு, இதழ், பக்கம் எல்லாம் உண்டு. நம் நாட்டில் இதைப் பிடிக்கும் வாசல் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, எழுத்துத் திருட்டைச் சோதிக்கும்போது ரெஃபரன்ஸ் பட்டியலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒற்றுமையை அளப்பதற்கு அது சரியான விதிதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: மென்பொருள் பட்டியலைத் தொடுவதில்லை, வழிகாட்டிக்கு நேரமில்லை, மதிப்பீட்டாளர் தம் பெயர் இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறார்.

ஆகவே, வழிகாட்டிகள் வழக்கமாக்கிக்கொள்ளத் தகுந்த ஒன்றைச் சொல்கிறேன். கட்டுரையை அனுப்புவதற்கு முன் மாணவரை அருகில் உட்காரவைத்துப் பட்டியலிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். டிஓஐயைச் சொடுக்கச் சொல்லுங்கள். திறக்கிறதா, தலைப்பு அதுவேதானா, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்ற அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல் கிராஸ்ரெஃப்பின் கையில் இருக்கிறது. ஜொடேரோ அத்தகைய கட்டுரைகளைத் தானாகவே குறித்துக் காட்டும். கடைசியாக, ‘இந்த வாக்கியத்துக்கு இதில் எந்த வரி ஆதாரம்?’ என்று கேளுங்கள். மாணவர் அந்த வரியைக் காட்டிவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். காட்ட முடியாவிட்டால் அந்த ஐந்தோடு நிறுத்தாமல் முழுப் பட்டியலையும் திறக்க வேண்டும், சமர்ப்பிப்பு ஒரு வாரம் தள்ளிப்போனாலும்.